வரிசையில் நிற்காத காய்கறி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வகுப்பில் அது உதவுகிறது, வீட்டில் சண்டை வளர்க்கிறது. கேம்பல் பே என்ற தீவு ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் மகளும் அதே வகுப்புதான். சின்ன ஊர், வேறு பிரிவு கிடையாது. பள்ளிக்குள் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் மறக்காமல் கூப்பிடுவாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பிள்ளை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் தீவில் காய்கறி கப்பலில்தான் வர வேண்டும். கப்பலை இங்கே தமிழர், தெலுங்கர், பஞ்சாபி எல்லாருமே ஜஹாஜ் என்போம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் ஜஹாஜ் போர்ட் பிளேரிலேயே நின்றுவிடும். தோட்டத்தில் போட்டது மழையில் அழுகிவிடும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, மீன், தேங்காய் என்று நாட்கள் ஓடும். ஜஹாஜ் வந்தால் ஊரே கடைத்தெருவில் வரிசை கட்டும். முந்தின நாளே பையை வரிசையில் போட்டு மேலே கல் வைத்து இடம் பிடிக்கிறவர்களும் உண்டு. அந்தக் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். எங்கள் ஊரில் பூட்டு இல்லாமலே மதிக்கப்படுகிற சொத்து அது ஒன்றுதான்.

நான் அந்த வரிசையில் நின்றதே இல்லை. என் கணவர் ஜஹாஜ் வந்து நிற்கும் ஜெட்டியில் சரக்கு இறக்கும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறார். மூட்டைகள் கடைக்குப் போகும் முன்பே அதில் ஒரு பை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். திருட்டு இல்லை, கடைக்காரருக்கு உரிய காசு போய்விடுகிறது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை பார்க்கிற இடத்தில் கிடைக்கிற சின்ன சௌகரியம், அவ்வளவுதான். கேரட்டை ஈரத்துணியில் சுற்றி, பீன்ஸைக் காகிதத்தில் மடித்து ஃப்ரிட்ஜில் அடுக்குவேன். அடுத்த ஜஹாஜ் வரைக்கும் தாங்கும். அதை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் சத்துணவுப் பாடம் வந்தது. எனக்குப் பிடித்த பாடம். அட்டையில் பெரிய தட்டு வெட்டி, பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்குச் சோறோ ரொட்டியோ, கால் பங்குக்குப் பருப்போ மீனோ முட்டையோ என்று வண்ணம் தீட்டிச் சுவரில் மாட்டினேன். ஒரு வாரத்துக்கு என்ன சமைப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது எப்படி என்று பிள்ளைகளிடம் பேச வைத்தேன். டிஃபின் டப்பாவில் தினமும் மூன்று நிறமாவது இருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பா டப்பாவாகப் பார்த்துக்கொண்டு போவேன்.

ஜஹாஜ் வந்து பல வாரம் ஆகியிருந்தது. டப்பாக்களில் ரொட்டியும் உருளைக்கிழங்கும், சோறும் மீனும்தான் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. சுவரில் இவ்வளவு அழகாகத் தட்டு மாட்டியிருக்கிறேன், யாரும் மதிக்கவில்லையே என்ற கோபம்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் குழந்தை. அப்பா டிங்கியில் மீன் பிடிக்கப் போகிறவர். அம்மா கட்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர். அந்தப் பிள்ளை அதிகம் பேசாது. கேட்டால் பதில் சொல்லும், அந்தப் பதில் சரியாக இருக்கும். அன்று அதன் டப்பாவில் வெள்ளைச் சோறும் பொரித்த மீனும். அதற்கு முந்தின நாளும் அதுவேதான். நான் டப்பாவை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன்.

"இதுல எத்தனை கலர் இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை எழுந்து நின்றது.

"ஜஹாஜ் வரல மிஸ்."

"ஜஹாஜ் வரலன்னா? பிளான் பண்ணணும். எங்க வீட்டுல மட்டும் எப்படி இன்னும் கேரட் இருக்கு? அம்மாகிட்ட சொல்லு, கொஞ்சம் யோசிச்சு பிளான் பண்ணச் சொல்லு."

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் மகளின் டப்பாவைத் திறந்து காட்டினேன். கேரட்டும் பீன்ஸும் போட்ட பொரியல், ஓரத்தில் பீட்ரூட், ஒரு முட்டை. இதுதான் சமச்சீர் உணவு என்றேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். என் வீட்டில் உபதேசமும் இருந்தது, காயும் இருந்தது. அந்தத் திமிர்தான் என்னைப் பேச வைத்தது.

என் மகள் கையைத் தூக்கினாள். "மிஸ், எப்படி பிளான் பண்றதுன்னு நான் சொல்லட்டுமா?"

ஈரத்துணி விஷயத்தைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பெருமையோடு, "வா, முன்னாடி வந்து சொல்லு" என்றேன். வந்தாள். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று இந்தியும் தமிழும் கலந்து, நான் பாடம் நடத்துகிற அதே தோரணையில் நின்று சொன்னாள்.

"ஜஹாஜ் வந்ததும் எங்க அப்பா ஜெட்டியில ஒரு பைய எடுத்து தார்ப்பாய்க்கு அடியில வச்சிருவாரு. கடைக்காரங்க மூட்டை பிரிக்கிறதுக்கு முன்னாடியே. அப்புறம் ஒரு அங்கிள் பைக்ல பின்பக்க ரோடு வழியா எங்க வீட்டுக்குக் கொண்டு வந்துருவாரு. அதனால லைன்ல நிக்க வேணாம், சப்ஜியும் தீராது. நீங்களும் உங்க அப்பாவ ஜெட்டில வேலைக்குப் போகச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மாவோடு மழையில் வரிசையில் நின்றவர்கள். முன் பெஞ்சில் இருந்த பஞ்சாபிப் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான், "அச்சா, அதனாலதான் எங்க மம்மி போறதுக்குள்ள காஜர் தீந்துருதா மிஸ்?"

கேரட்டைத்தான் காஜர் என்றான். அவன் குத்திக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். "சாப்பிட்டு முடிங்க, பெல் அடிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அந்த மீன் டப்பா இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை அந்தப் பிள்ளையின் முன்னால் வைத்தபோது அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்! என் வீட்டுக் கத்தரிக்காயை என் மகளே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்கார வைத்தேன். "வீட்டு விஷயத்தை வெளிய சொல்லக் கூடாது."

"ஏம்மா, அது தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல."

"தப்பு இல்லன்னா ஏன் சொல்லக் கூடாது?"

வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டால் கைதட்டச் சொல்லுவேன். இவளிடம், "போய் ஹோம்வொர்க் எழுது" என்றேன். கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சின்னப் பிள்ளை சொன்னதை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றார். இனிமேல் அந்தப் பை வேண்டாம் என்றேன். "சரி, லைன்ல நின்னு பாரு, ஒரு தடவை நின்னா தெரியும்" என்றார்.

பெரிதாக எடுத்துக்கொண்டது என் மகள்தான். மறுநாளிலிருந்து அவள் டப்பாவின் மூடியைப் பாதி திறந்து, அதற்குள் கையை விட்டுச் சாப்பிட்டாள். இரண்டொரு நாளில் கேரட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். வீட்டிலும் தட்டில் காய் விழுந்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். "இது லைன்ல நின்னு வாங்கினதா?" இல்லை என்பது அவளுக்கே தெரியும். அப்படியே தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். எதைக் கொடுத்தாலும் தின்கிற பிள்ளை அது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காய் தின்னக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பி, தின்றுகொண்டிருந்த என் பிள்ளையை நிறுத்திவிட்டேன். அதட்டிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "அடுத்த ஜஹாஜ் வரட்டும், அம்மாவே லைன்ல நின்னு வாங்கிட்டு வர்றேன், அப்ப சாப்பிடுவியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் என் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஜஹாஜ் ஒரு சனிக்கிழமை வந்தது. மழை விடவே இல்லை. குடையும் பையுமாகப் போனேன். வரிசை கடைத்தெருவின் முனையைத் தாண்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பிள்ளையும் அதன் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"டீச்சர், நீங்க போயி இங்க நிக்கிறதா? எனக்கு முன்னுக்கு வாங்க, கால் நோகும்."

"பரவாயில்லங்க, நான் நிக்கிறேன்."

"புள்ள வந்து சொல்லிச்சுங்க டீச்சர், சோத்துல கலர் இல்லன்னு. அன்னையிலருந்து ஒழுங்கா சாப்பிடல. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன். இன்னைக்கு எப்படியும் வாங்கிருவேங்க."

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார். என் வீட்டுப் பையில் போன கேரட்டுக்காக மழையில் நின்றுகொண்டு, என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார். அந்தப் பிள்ளை வகுப்பில் நடந்ததில் தன் பங்கை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறது, என் பங்கைச் சொல்லவில்லை. "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல" என்று முணுமுணுத்தேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்காவிட்டால் இன்னொரு முறை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வரிசை நகர்ந்தது. அவர்களுக்கு ஒரு கை கேரட் கிடைத்தது, கொஞ்சம் பீன்ஸ் கிடைத்தது. என் முறை வந்தபோது உருளைக்கிழங்கும், மேலிலை அழுகிய முட்டைகோசும்தான் மிச்சம். கடைக்காரர் கையை விரித்தார். கணவர் சொன்னது நடந்துவிட்டது. ஒரு தடவை நின்றேன், தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மா போகாமல் ஓரமாகக் காத்திருந்தார். தன் பையை விரித்து, "பாதி எடுத்துக்குங்க டீச்சர். நாங்க மூணு பேர்தான், போதும்" என்றார்.

"ஐயோ, வேணாங்க. வீட்டுல இருக்கு."

வாய் தவறிவிட்டது. பழக்கத்தில் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிறது என்றால் எதற்கு மழையில் நிற்கிறாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பையை மெதுவாக மூடினார். அந்தப் பிள்ளை என் வெறும் பையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

வீட்டில் நிஜமாகவே இருந்தது. சமையலறை மூலையில் வழக்கமான பை, வழக்கம்போல நிரம்பி. "எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சேன்" என்றார் கணவர். திருப்பி அனுப்பியிருக்கலாம். அக்கம்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். இதையெல்லாம் அப்போதும் யோசித்தேன், யோசித்துக்கொண்டே கேரட்டைக் கழுவி நறுக்கினேன். என் பிள்ளை சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

என் மகள் ஓடி வந்தாள். என் சேலை நனைந்திருந்தது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "லைன்ல நின்னியாம்மா?"

"நின்னேன்."

"இது லைன்ல வாங்கினதா?"

"ஆமா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று யார் சொன்னது? நம்புகிற பிள்ளை எதிரில் இருந்தால் ரொம்பச் சுலபம். என் ஈரச் சேலையைப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று இரவு தட்டில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்தது. நான் டப்பா பார்க்கப் போகவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் மூடியை முழுவதும் திறந்து எழுந்து நின்றாள்.

"இது எங்க அம்மா மழையில லைன்ல நின்னு வாங்கினது!"

மிஸ் என்று சொல்ல மறந்துவிட்டாள். பஞ்சாபிப் பையன் திரும்பி, "சச்சியா, நிஜமாவா மிஸ்?" என்றான். வகுப்பு முழுவதும் என் வாயைப் பார்த்தது. நீளமான வாய்தான். அன்று அது திறக்கவே இல்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளை என்ன சொல்லப் போகிறது என்று அந்தப் பக்கம் பார்த்தேன். அது ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தது.

"நான் பாத்தேன்" என்றது. "மிஸ் எங்க கண்ணு முன்னாடிதான் வாங்கினாங்க. பை நெறைய."

சொல்லிவிட்டு உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தது. என் பக்கம் பார்க்கவில்லை. என் மகள் சந்தோஷமாகக் கேரட்டைக் கடித்தாள். அந்தப் பிள்ளை பொய் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று எனக்காகச் சொன்னது.

"சரி, எல்லாரும் சாப்பிடுங்க" என்றேன்.