மெஷினுக்குக் குலை பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்

இடிக்குப் பயமில்லை, பாம்புக்கும் பயமில்லை. தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பாம்பு என்ன புதுசா? ஆனால் போன வருஷம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கோலா சிலாங்கூர்ல ஏஐ கிளாஸ் நடக்குது, நீங்கதான் போறீங்க" என்றபோது பயம் என்றால் என்ன என்று தெரிந்தது.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் எனக்கு வேலை. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிவேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான். லோரி கொட்டுகிற குலைகளைப் பார்த்து இது பழம், இது செங்காய், இது காய் என்று பிரிக்கிற கிரேடர். அவர் காய் என்று சொல்லிவிட்டால் குலை திரும்ப லோரியில் ஏற வேண்டியதுதான். லோரிக்காரர்கள் திட்டாத திட்டு கிடையாது. மனுஷன் காதில் வாங்கமாட்டார்.

கிளாஸில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குலை கொட்டுகிற இடத்துக்கு மேலே கேமரா வைக்கப் போகிறார்களாம். பழமா காயா என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடுமாம். ஆனால் முதலில் அதற்கு ஒன்றும் தெரியாது. யாராவது படம் படமாகக் காட்டிச் சொல்லித் தர வேண்டும். அந்த யாராவது நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு மத்தியானச் சாப்பாடும் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பாடம் நடத்திய மலாய்ப் பெண் நல்லவள். "பயப்படாதீங்க காக், இது உங்க வேலைக்குத் துணை" என்று அக்கா முறை வைத்து மலாயில் சொன்னாள். என் வேலைக்குத் துணை, சரி. என் வீட்டுக்காரர் வேலைக்கு? ஐம்பது தாண்டியவரை இனி எந்த மில்லில் எடுப்பார்கள்?

இதை வீட்டில் மறைக்கவா முடியும்? சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"வரட்டும்லா. லோரிக்காரன் இனிமே அந்தக் கேமராவப் போய்த் திட்டட்டும்."

மெஷினுக்குக் காட்ட வேண்டிய குலைப் படங்களைப் போனில் அவரிடமும் காட்டிக் கேட்டேன். போனைத் தள்ளிப் பிடித்தார், மூக்குக்குக் கிட்டே பிடித்தார். பார்த்தவுடன் செங்காய் என்று எனக்கே தெரிகிற குலையைப் பழம் என்றார்.

"என்னங்க, நல்லாப் பாருங்க."

"போன் சின்னதுலா. குலைய காலால ஒரு தட்டு தட்டுனா பழம் உதிரும், தெரிஞ்சிரும். படத்தத் தட்ட முடியுமா?"

நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் எனக்கும் வசதியாக இருந்தது.

கேமரா வந்தது. மெஷினையும் கிரேடரையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம் என்றார் மேனேஜர். தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கேமராவுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதனால் என் வீட்டுக்காரரும் கோட்டைத் தாண்டக் கூடாது, குலையைத் தொடக் கூடாது, பார்த்தேதான் சொல்ல வேண்டும். இரண்டு பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் நான் போய்க் குலையைத் திருப்பிப் பார்த்து, யார் சொன்னது சரி என்று கம்ப்யூட்டரில் அழுத்த வேண்டும். மாரியாத்தா, முருகா என்று வாயில் வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

முதல் சில குலைகள் ஒத்துப்போயின. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த குலைக்கு அவர் "பழம்" என்றார். திரையில் "காய்" என்று விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கிட்டே போனேன். கறுத்த குலை; பழுத்திருந்தால் சிவந்திருக்கும். ஒரு பழம்கூட உதிரவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் காய் என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே குலை பார்க்கிறவர் இவர். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தார். ஐயோ கடவுளே! அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை.

மெஷின் சொன்னதுதான் சரி என்று அழுத்தினேன். அழுத்திய விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மேனேஜர் கத்தவில்லை. "கண்ண டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அந்த 'அப்புறம்' சாயங்காலம் வரை என் காதிலேயே நின்றது.

வேலை முடிந்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு."

"ஏங்க?"

"ரோடு சரியாத் தெரியல. ரொம்ப நாளா."

"பாவி மனுஷா! காலையிலகூட என்னைப் பின்னால வச்சு ஓட்டிட்டு வந்தீங்களே!"

"பழகுன வழிதானே. லோரி வந்தா சத்தம் கேட்டு ஒதுங்கிக்குவேன்." ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "சொன்னா வேலை போயிரும்னு பயம்லா."

காலையும் மாலையும் அந்த ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து, அந்த மெஷினை நினைத்து நினைத்துப் பயந்துகொண்டே போயிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவரும் பயந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறார். ஒரே மோட்டாரில் இரண்டு பேர், பயத்தைப் பற்றி ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மோட்டாரைக் கிளப்பினேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மில்லைத் தாண்டியதும் எதிரே ஏதோ இரைந்து வந்தது.

"லோரிதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க, லோரிதான்" என்று சொல்லி ஓரமாக ஒதுக்கி ஓட்டினேன்.