எப்பத்தைய தண்ணி?

அக்கராயன் குளத்தின் கதவுகளைத் திறந்து மூடுகிற வேலை ஒரு பெண்ணுடையது. காலுக்குப் பெரிய றப்பர் சப்பாத்து போட்டிருப்பார். எதைக் கொடுத்தாலும், எதைச் சொன்னாலும், "எப்பத்தையது?" என்று கேட்பார். பேக்கரியில் வாங்கி நான் ஆசையாக நீட்டிய பணிஸ்கூட அந்தக் கேள்விக்குத் தப்பவில்லை.

குளத்தைச் சுற்றி நீர்மட்டம் அளக்கும் கருவிகளை நாட்டி, அளவு அவருடைய போனுக்கு வரச் செய்தவன் நான். அடைமழை நாளொன்றில் அந்தப் போனைப் பெருமையோடு காட்டினேன்.

"இன்னும் ரெண்டடி ஏறவேணும். வான்கதவு இப்ப திறக்கத் தேவையில்லை, பிள்ளை."

"இது எப்பத்தைய தண்ணி, சேர்?"

"இப்பத்தையதுதான்."

என்னை நனைய நனைய அளவுகோலடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் ஓடிப்போய் வான்கதவைத் திறந்தார். குளக்கட்டு தப்பியது.

மழையில் சிக்னல் தடைப்பட்டதால், காலையில் அளந்த எண்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. புதியது கடைசியில் நின்றது. பழையதை எறிந்துவிட்டுப் புதியது முதலில் வரும்படி மாற்றினேன். பக்கத்தில் அளந்த நேரத்தையும் போட்டேன்.

"இப்பதான் சேர் இது ஒழுங்காக் கதைக்குது," என்றார்.

போன கிழமை கிளிநொச்சிச் சந்தையில் என்னைக் கண்டார்.

"சுகமா இருக்கிறியளோ, சேர்?"

"ஓம், நல்ல சுகம்."

"எப்பத்தைய சுகம்?"

சிரித்துச் சமாளித்தேன். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தேன் என்று யோசித்தபடியே வீடுவரை வந்தேன்.