கட்டைவிரல் அளவுப் பூட்டு

கடைசி இரண்டு ஆண்டுகளில் என் மனைவி பேசியது எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கம்பி ஆலை ஒன்றின் டைம் ஆபீசில் இருந்தேன். யார் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுவது வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. 2003இல் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை மின்சார ரயிலில் சென்னைக்கு டயாலிசிஸுக்குப் போவோம். பொன்னேரி தாண்டியதும் பேச ஆரம்பிப்பாள். நான் நோட்டில் தேதி போட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன்.

"நான் பேசறத எழுதிக்கினே கீறியே, பதில் எப்ப சொல்லுவ?" என்று ஒருநாள் கேட்டாள். அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நோட்டை வாசிக்க, நான் கணினியில் இரண்டு விரலால் தட்டுவேன். தன் பேச்சைத் தானே வாசித்துச் சிரிப்பாள். ஒரு நாளுக்கு ஒரு கோப்பு. தேதிதான் அதன் பெயர். தமிழில் தட்டும் மென்பொருளைச் சென்னையில் ஒரு கம்பெனியில் ரசீதோடு வாங்கியிருந்தேன். அதோடு கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு தருவார்கள், லாக் என்பார்கள். கணினியின் பின்னால் அதைச் செருகாவிட்டால் மென்பொருள் திறக்காது.

பஜாரில் பிரவுசிங் சென்டர் நடத்திய பழவேற்காட்டுப் பெண், இலவசத் தமிழ் மென்பொருள் இருந்த சிடி ஒன்றைக் கொடுத்தாள்.

"இதுல அடிங்கண்ணே. லாக்கு கீக்கு ஒண்ணும் கெடையாது."

"சும்மா குடுக்கறவன் நாளைக்கு இன்னா கேப்பானோ?"

"ஒண்ணும் கேக்க மாட்டான். உள்ள புரோகிராம எப்பிடி எழுதியிருக்கான்னு தொறந்தே வெச்சிருக்கான். உங்க கம்பெனிக்காரன் காட்டுவானா?"

ரசீது இல்லாத பொருளை நம்பி எனக்குப் பழக்கம் இல்லை. சிடி மானிட்டருக்குப் பின்னால் கிடந்தது.

நோட்டுகளில் கரையான் ஏறியது. எல்லாம்தான் கணினியில் இருக்கிறதே என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன்.

"இருக்கட்டுமே. நோட்டு இன்னா, சோறா கேக்குது?" என்றாள் மனைவி.

எடைக்குப் போட்டுவிட்டேன்.

2005 மாசியில் அவள் போனாள். அந்த ஐப்பசியில் இடி விழுந்து கணினி பழுதானது. அதைச் சரிசெய்து கொடுத்தார்கள், ஆனால் லாக் எரிந்துபோயிருந்தது. ரசீதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார்.

"ரசீது கரெக்டா இருக்கு சார். அந்த வெர்ஷன்தான் இப்ப இல்ல. புதுசு வாங்கிக்கலாம். பழைய ஃபைல் அதுல வராது."

கோப்புகளைச் சிடியில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தப் பெண் திறந்து பார்த்தாள், எழுத்து வரவில்லை. இலவச மென்பொருள் எழுதும் யார் யாருக்கோ ஒரு கோப்பை அனுப்பிவைத்தாள். எழுத்தை எந்த முறையில் மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் திறந்து தருகிறோம் என்று பதில் வந்தது. அது கம்பெனிக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

"எழுத்தையே பூட்டிட்டாங்கண்ணே. ஃபைல் பேருதான் தெரியுது," என்றாள். திரையில் இருந்த பட்டியலைக் காட்டி, "அதயாச்சும் பிரிண்ட் போட்டுத் தரவா?"

வாங்கிக்கொண்டேன். முழுக்கத் தேதிகள்.

அந்தப் பட்டியல் இப்போதும் மேசையில் இருக்கிறது. எந்தத் தேதியில் விரலை வைத்தாலும் கிழமை சொல்வேன். அன்று எனக்கு எந்த ஷிப்ட், ரயில் எவ்வளவு தாமதம் என்பதுகூட நினைவுக்கு வரும். அவள் பேசியது வராது. எழுதுவதில் இருந்த கவனம் கேட்பதில் இல்லை போலிருக்கிறது. பதில் எப்போது என்று கேட்டாளே, அந்தக் கேள்வி மட்டும் அவள் குரலோடு நிற்கிறது. அது எந்தத் தேதி என்று தெரியவில்லை. நான் ஏதாவது பதில் சொல்லியிருந்தால், அதுவும் அந்தக் கோப்பில்தான் இருக்கும்.