"யாரும் இல்ல"ன்னு சொன்ன வாய்

நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால நாங்க திருவனந்தபுரத்துல, கழக்கூட்டம் பக்கம் ஒரு ஓடைக் கரையில வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஓட்டல்ல பரோட்டா போடுற வேலை. கட்டட வேலையில விழுந்து இடுப்பு போன மாமனார் எங்களோட படுக்கையில கிடந்தார்.

ஒருநாள் ஒரு பொண்ணு வந்தா. வெள்ளம் வந்தா யாருக்கு ஆபத்து அதிகம்னு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றாளாம். "பேரு வேண்டாம் சேச்சி. இதுல ஆரு பேரும் எழுத மாட்டோம், கேட்டோ"ன்னு மலையாளம் கலந்த தமிழ்ல சொன்னா. எனக்கோ அடுப்புல குழம்பு கொதிக்குது. வாசல்லயே நிக்க வெச்சு வெடுக்குவெடுக்குன்னு பதில் சொன்னேன். கடைசியா, "வெள்ளம் வந்தா உதவிக்கு யாரைக் கூப்பிடுவீங்க?"ன்னு கேட்டா.

"இந்த ஊர்ல எங்களுக்கு யாரு இருக்கா? யாரும் இல்லன்னு எழுதிக்கோ."

அவ உள்ளே படுத்திருந்த மாமனாரைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் எழுதிட்டுப் போயிட்டா.

அந்த ஐப்பசி மழையில ஓடை பொங்கிருச்சு. வேலைக்குப் போன வீட்டுக்காரரால திரும்பி வர முடியல. தண்ணி கட்டிலுக்கு ஏறுது. "என்னை விட்டுட்டு நீ போ மக்களே"ன்னு மாமனார் அழுறார். நான் ஒத்தையில அவரைத் தூக்க முடியுமா? வாசல்ல நின்னு கத்தினேன். அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் அவங்கவங்க பாடே பெரும்பாடு.

அப்போ இடுப்பளவு தண்ணியில அவ வந்தா, கூடப் படிக்கிற ரெண்டு பேரோட! எங்க பிளாஸ்டிக் நாற்காலியில மாமனாரை உக்கார வெச்சு, என் சேலையால கட்டி, மேட்டுல இருந்த பள்ளிக்கூடம் வரைக்கும் தூக்கிட்டே நடந்தாங்க. "எப்படிம்மா வந்தே?"ன்னு கேட்டேன். மூச்சு வாங்கிட்டே, "யாரும் இல்லன்னு சொன்னீங்கல்ல சேச்சி"ன்னா. மாமனாருக்கு உடம்பு வெடவெடன்னு நடுங்கி, கண்ணு சொருகுது. நான் அவரைப் பார்க்கிறதுக்குள்ள, இன்னொரு வீடு இருக்குன்னு அவ ஓடிட்டா.

பள்ளிக்கூடத்துல இருந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து அப்படியே நாகர்கோவில் பக்கம் எங்க ஊருக்கு வந்துட்டோம். மாமனார் தேறி, மக வயித்துப் பேத்தி கல்யாணத்தையும் பார்த்துட்டுத்தான் போனார்.

ரொம்ப நாள் கழிச்சுப் பழைய பக்கத்து வீட்டுக்காரி போன்ல சொன்னா. அந்தப் பொண்ணு ரெண்டு மூணு தடவை வந்து, எங்க பூட்டின வீட்டு முன்னால நின்னு, "அந்தத் தாத்தா பிழைச்சாரா?"ன்னு கேட்டாளாம். இவ தெரியாதுன்னு சொல்லிட்டாளாம். திரும்ப வந்தா பிழைச்சுட்டார்னு சொல்லுன்னேன்; அப்புறம் அவ வரவே இல்லையாம். எங்கேன்னு தேட? அவ எங்க பேரை எழுதல. நானும் அவ பேரைக் கேக்கல.

எங்களுக்குன்னு ஒருத்தி வந்தா. அவ தூக்கிட்டு வந்த மனுசன் பிழைச்சுட்டார்ங்கிற ஒரு வார்த்தையை அவ காதுல போட முடியலையேங்கிறதுதான், மழை இருட்டும்போதெல்லாம் என் மனசைப் போட்டு அறுக்குது.