கோடு ஓரம் வரைக்கும் போகுதா?

ஸ்டெல்லா மேடம் தவறிய செய்தி எங்கள் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கோப்பாக வந்தது. அனுப்பியவர் அவருடைய மகன். புதுப் போனில் எடுத்த படம் போலிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் திறக்கவில்லை. ஆனால் திறக்காத படத்துக்கும் பதில் போடுவது எங்கள் குழுவின் பண்பாடு அல்லவா? பெயின்ட் ஷாப் ரவி வாழ்த்துச் சொன்னான். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். யாரோ ஒருவர், "மேடத்துக்கு அனுப்புங்கப்பா, அவங்கதான் எதையும் தொறப்பாங்க" என்று எழுதினார். அதற்குக் கீழே மகன் எழுதிய ஒரே வரி: "அம்மா காலையில தவறிட்டாங்க."

கட்டைவிரலை அவசரமாக இறக்கினேன். ரவியும் வாழ்த்தை அழித்தான்.

மேடத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவருக்கு அடக்கம் என்பது அறவே கிடையாது. ஓரகடத்தில் காருக்கு அலுமினிய உதிரிபாகம் வார்க்கும் எங்கள் தொழிற்சாலையில் தர ஆவண அறை அவர் ராஜ்ஜியம். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், டிபார்ட்மென்ட் பெயர்தான். நான் "யோவ் டிஸ்பாட்ச்." மேனேஜர் கோபால் சார் மட்டும் "சார்", அதுவும் மதிப்பில் அல்ல, அவருக்கு டிபார்ட்மென்ட் இல்லை என்பதால். கேன்டீன்காரரோடு வருஷக்கணக்கில் சண்டை. காரணம் கெட்டியான ரவா உப்புமா என்று கேள்வி. அந்தக் கேள்வியைப் பரப்பியவன் நான்தான்.

இப்போது அந்த விரிசல் விவகாரத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து, சக்கரத்தைத் தாங்கும் பாகம் ஒன்று, கைபோல் நீளும் பகுதியில் விரிசலோடு திரும்பி வந்தது. அதன்மேல் எக்ஸ்ரே அறை அருள்தாஸின் முத்திரை. வல்லம் பக்கத்துப் பையன், பெர்மனென்ட் ஆகி அதிக நாள் ஆகவில்லை. இங்கிருந்து கிளம்பும்போதே விரிசல் இருந்து, அவன் பாஸ் போட்டிருந்தால் வேலை போய்விடும். இல்லாமலிருந்து, பிறகு வண்டியில் ஓடும்போது விரிசல் விழுந்திருந்தால் பிழைப்பான். அதைச் சொல்லக்கூடியது அன்றைய எக்ஸ்ரே படம் ஒன்றுதான். படம் இருந்தது. அந்தப் பழைய எக்ஸ்ரே இயந்திரத்தைச் செய்த கம்பெனிதான் இல்லை. அதன் கம்ப்யூட்டரும் இல்லை. எந்த மென்பொருளும் அந்தக் கோப்பைத் தொட மறுத்தது.

வாடிக்கையாளர் ஆட்கள் மதியம் வருவதாக ஏற்பாடு. எனக்கு அந்த அறையில் எந்த வேலையும் இல்லாததால் முதல் ஆளாகப் போய் நின்றேன். கோப்பின் பின்பெயரை அழித்துவிட்டு 'ஜேபெக்' என்று போட்டால் திறக்கும் என்று யோசனையும் சொன்னேன். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேரை மாத்தினா ஆதார் கார்டு மாறும் டிஸ்பாட்ச். ஆளு மாறுவானா?"

கோப்பை முதலில் நகல் எடுத்தார். மூலத்தைத் தொடவில்லை. முன்னால் இருந்த தலைப்புக் குறிப்பைத் தாண்டிவிட்டு, மீதியை வெறும் புள்ளிகளாகத் திறந்தார். ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி என்று தெரியாததால் படம் சாய்ந்த மழைபோல் விழுந்தது. அகலத்தைக் கூட்டினார், குறைத்தார். மழை மெல்ல நிமிர்ந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அருள்தாஸ் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"வந்துடுச்சு" என்றார் மேடம். அந்தக் குரலில் இருந்த பெருமையை அருள்தாஸும் கேட்டிருப்பான்.

படத்தில் அந்தப் பாகம் தெரிந்தது. பெரிசாக்கினார். கைப்பகுதியின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

கோபால் சார் கோவில்பட்டிக்காரர், கெட்டவர் அல்ல, அவரே வருத்தத்தோடுதான் சொன்னார்: "தெளிவாத்தானே இருக்கு மேடம். பயலைக் கூப்பிடுங்க." மேடம் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இருங்க சார். நான் தொறந்ததுன்றதால அது நிஜமாயிடுமா?"

அவரே திறந்த படம். அவரே அறிவித்த வெற்றி. அதைத் தானே சந்தேகிப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று, ராஜ்ஜியத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். படத்தைச் சிறிசாக்கினார். நாங்கள் எல்லோரும் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஓரத்துக்குப் போனார். எக்ஸ்ரே எடுக்கும்போது பாகத்துக்குப் பக்கத்தில், அடையாளத்துக்காக ஈயத்தில் செய்த எழுத்தை வைப்பது வழக்கம். அந்தக் கோடு பாகத்தைத் தாண்டி, வெற்றிடத்தைத் தாண்டி, ஈய எழுத்தின் நடுவிலும் ஓடியது. எழுத்தின் கீழ்ப்பாதி கொஞ்சம் விலகியும் இருந்தது.

"இன்னா சார் இது, விரிசல் தாண்டிக் குதிச்சுப் போய் ஈயத்தையும் ஒடைக்குமா? படம் ரெண்டு துண்டா கீது. நடுவுல மிஷினு ஏதோ குறிப்பு எழுதி வச்சிகினு கீது. அதையும் நான் படமாக் காட்டிட்டேன்."

நான் கை தட்டப் போனேன். அவர் முறைத்தார். கோட்டுக்கு அடியில் உண்மையான விரிசலும் ஒளிந்திருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நடுக் குறிப்பை நீக்குமுன், கதவைத் திறந்து அருள்தாஸை உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்தார். "கேட்டுக்க எக்ஸ்ரே. விரிசல் இருந்தா இருக்குதுன்னுதான் சொல்லுவேன். அழுதாலும் மாத்தமாட்டேன்." அவன் தலையாட்டினான். டீ அப்படியே கையில் இருந்தது.

மேடம் பொத்தானை அழுத்தினார். ஈய எழுத்தின் இரண்டு பாதியும் பொருந்தின. பாகத்தின் கை முழுசாக இருந்தது. சுத்தமாக இருந்தது.

அருள்தாஸ் அந்த ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். மதியம் வந்தவர்களிடம் மேடம் இரண்டு படத்தையும் காட்டினார், தப்பாகத் திறந்ததையும் சேர்த்து. அதை ஏன் காட்டினீர்கள் என்று கோபால் சார் பிறகு கேட்டதற்கு, "நல்லதை மட்டும் காட்டினா நல்லதையே நம்பமாட்டாங்க சார்" என்றாராம். இது கேள்விதான், ஆனால் இந்த முறை நான் பரப்பியதல்ல.

மகன் அனுப்பிய படத்துக்குத் திரும்புகிறேன். செய்தி வந்த அன்று சாயங்காலம் கோப்பை முதலில் நகல் எடுத்தேன். தட்டுத்தடுமாறி வேறு வடிவத்துக்கு மாற்றினேன். திறந்தது. அச்சடித்த இரங்கல் நோட்டீஸைப் போனில் எடுத்த படம். அதில் மேடம், அதே மிதப்பான பார்வை. கன்னத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. கடைசியில் விழுந்து அடிபட்டாரோ, யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். பிறகு படத்தைச் சிறிசாக்கி ஓரத்துக்குப் போனேன். கோடு கன்னத்தைத் தாண்டி, மாலையைத் தாண்டி, அச்சடித்த அவர் பெயரின் மேலும் ஓடித் தாளின் விளிம்பில் முடிந்தது. யாரோ மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த தாள்.

மேடத்தின் முகத்தில் ஒன்றுமில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: முகத்தில் கோடு தெரிந்தால், ஓரம்வரை போய்ப் பார்க்கிறேன்.