கஞ்சியில் கலந்த பொடி

இன்று காலை அரூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஒரு பெண், தனக்கு லூபஸ் நோய் இருப்பதாகவும் வெயில் ஆகாது என்றும் சொல்லி, என் நிழல் பக்க சீட்டைக் கேட்டார். மாறி உட்கார்ந்தேன். கூடவே அவருடைய மாமியாரும் வந்திருந்தார்.

லூபஸுக்கான புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றில் அவர் சேர்ந்திருக்கிறார்; அதன் பரிசோதனைக்குத்தான் சேலம் போகிறார்கள். வழக்கமான மருந்தோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. நான்கு மாதமாக அவருக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது.

அந்த நான்கு மாதமும் மாமியார் கஞ்சியில் ஏதோ வேர்ப்பொடி கலந்து கொடுத்தது நேற்றுதான் தெரிந்ததாம்.

"வேற மருந்து சாப்பிட மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன் அத்தை. சொன்னா ஆய்வுலேர்ந்து என்னை எடுத்துடுவாங்க."

"அப்ப சொல்லாத."

"சொல்லலைன்னா மாத்திரையிலதான் கொறஞ்சுதுன்னு எழுதிக்குவாங்க. அதை நம்பி நாளைக்கு இன்னொருத்தி சாப்பிடுவா."

"உனக்கு வெறும் மாத்திரையா இருந்தா? கொறஞ்சது என் பொடியிலதான? அதை எழுதுவாங்களா?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சேலத்தில் இறங்கும்போது மாமியார் பையிலிருந்து பொடிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன், வா. கலந்தது நானு. எடுக்கறதுன்னா என்னை எடுக்கட்டும்."

ஆய்வு விதிகளில் மாமியாரை நீக்க வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் நண்பர்கள் சொல்லவும்.