அங்கிருந்து வந்த வண்டி

என் மாமனாரை நினைத்தால், தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் சட்டென்று நிறுத்துவதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. படம் ஓடும், செய்தி வாசிப்பவரின் வாய் மட்டும் அசையும். காலையில் திருநெல்வேலி வானொலி, பிறகு மலையாளப் பத்திரிகை, மாலையில் தொலைக்காட்சி என்று எதையும் விடமாட்டார். ஆனால் எல்லாம் அவருக்கு வெறும் கேள்விப்பட்டவைதான்; நேரில் பார்த்தவர் சொன்னால்தான் செய்தி. எங்கள் ஊரில் சாலை என்ற பெரிய கடைத்தெருவில் அரிசி மொத்தக்கடையில் கணக்கு எழுதியவர். ஆந்திராவில் மழை என்று பத்திரிகை சொன்னாலும், அங்கிருந்து லாரி ஓட்டி வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே அந்தக் கடையில் விலை பேசுவார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் கணவர் வேலையாகப் பத்தனம்திட்டா போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் என்று தொலைக்காட்சியில் ஒரே பாலம் திரும்பத் திரும்ப மூழ்கியது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மாமனார் சத்தத்தை நிறுத்தினார். என்னை அவர் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

"பாலம் ஒரு தடவதான் முங்கிச்சு மக்களே. இவன் காலைலேருந்து முக்கிட்டிருக்கான்."

குடையை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து நனைந்து திரும்பினார். "அங்க இருந்து வந்த டிரைவரப் பாத்தேன். டவுண்ல வெள்ளம் இல்ல, கரண்டுதான் இல்ல. ஹோட்டல்ல தோசை கிட்டுதாம். அவன் பட்டினி கிடக்க மாட்டான், கேட்டியா."

தோசை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் குழந்தை இப்போது நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். மாமனார் இல்லை. போன வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வர பஸ் ஏறிவிட்டேன் என்று போனில் சொன்னாள். சற்று நேரத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி: கவிழ்ந்து கிடக்கும் பேருந்து, கீழே 'நாகர்கோவில் ரோட்டில் இப்போது' என்று ஒரு வரி. மகளின் போன் அணைந்திருந்தது. தொலைக்காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லாததும் பயமாக இருந்தது. அந்தக் காணொளியையே மறுபடி மறுபடி ஓடவிட்டேன். யாராவது கை நீட்டி அதை நிறுத்தமாட்டார்களா என்றிருந்தது.

ஆட்டோ பிடித்துத் தம்பானூர் போனேன். கொல்லத்து வண்டி வந்தது, நெய்யாற்றின்கரை வண்டி வந்தது. கடைசியில் நாகர்கோவில் வண்டி. நடத்துனரை மறித்துப் போனை நீட்டினேன்.

"இது வேற எங்கேயோ உள்ளது சேச்சி. வழியில ஒண்ணும் இல்ல. களியிக்காவிளையில இத்திரி டிராஃபிக் பிளாக், அவ்வளவுதான்."

அடுத்த வண்டியிலிருந்து மகள் இறங்கினாள். "சார்ஜ் தீந்துபோச்சு. அதுக்கா இங்க வந்து நிக்கே?" என்று சிரித்தாள். அவள் முழங்கையைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. அன்று மழையில் மாட்டிக்கொண்டிருந்தவர் எனக்குக் கணவர் மட்டுமல்ல, மாமனாருக்கு ஒரே மகன். அழுதவள் நான் என்பதால் செய்தி எனக்கானது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இப்போது அவரிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. வேறு ஊர் வண்டிகளாக வந்துகொண்டிருந்தபோது, அந்த மழையில் தனியாக, உங்களுக்கு எப்படி இருந்தது மாமா?